ஜப்பானில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூன் 3, 2025

"ஏப்ரலில் டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா போய்வந்தேன். ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது, தெருவில் ஒரு காகிதம் கிடக்கவில்லை, ஓட்டலில் மறந்துவிட்ட குடையைத் தேடிக் கொடுத்தார்கள். அங்கேயே குடியிருக்கும் நம்மவர்கள் மட்டும் எப்போது பார்த்தாலும் புலம்புகிறார்கள். வசதி கூடினால் வரும் வியாதியா இது? அப்படி என்னதான் தொந்தரவு?"

ஜூன் 3, இரவு

குடை எங்களுக்கும் திரும்பக் கிடைக்கிறது. அதில் புகார் இல்லை. சுற்றுலா வருபவர் ஒரு விண்ணப்பம்கூட நிரப்பாமல் ஊர் திரும்பிவிடலாம். குடியிருப்பவருக்கு விண்ணப்பம்தான் வாழ்க்கை, தொந்தரவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர், முருகேசன். ஊரில் இனிஷியலாக ஓர் எழுத்தோடு நின்றவர் இங்கே முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டார். அலுவலகத்தில் நான் முருகேசன்-சான்; 'சான்' என்பது நம்மூர் 'அவர்கள்' மாதிரி, 'சாமா' என்றால் மரியாதை இன்னும் கூடுதல். பல் மருத்துவமனையில் "முருகேசன்-சாமா" என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். அப்பாவிடம் சொன்னால் அவருக்கு ஒரே பெருமை. என் கணவருக்கு அவருடைய அப்பா பெயர், மகளுக்கு என் கணவர் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். இந்த நாட்டில் கல்யாணம் ஆனால் கணவன் மனைவி இருவரும் ஒரே குடும்பப் பெயரில் இருந்தாக வேண்டும் என்பது இன்றும் சட்டம். வெளிநாட்டவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் விண்ணப்பத்தின் கட்டங்களை வரைந்தவருக்கு அது நினைவில் இருந்ததில்லை. மகளைக் காப்பகத்தில் சேர்க்கப் போனபோது எங்கள் மூன்று குடியிருப்பு அட்டைகளையும் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "தவறாக நினைக்க வேண்டாம், நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானே?" என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாக அந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாது.

வங்கிக் கதை இதைவிட மேல். முருகேசன் என்பதில் 'கே' நெடில். வெளிநாட்டுப் பெயர்களுக்கு இங்கே பயன்படும் கதகானா எழுத்தில் எழுதும்போது நெடிலுக்கு ஒரு சின்னக் கோடு போடலாம், போடாமலும் விடலாம். வங்கியில் போட்டார்கள், அலுவலகத்தில் விட்டுவிட்டார்கள். சம்பளம் அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது. எண் சரி, கிளை சரி, ஆள் நேரில் நிற்கிறேன், இருந்தாலும் கோடு இல்லை. கவுண்டரில் இருந்தவர் எழுந்து நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். பணம் அடுத்த வாரம்தான் வந்தது.

ஜூன் 4

"ஜப்பானியருக்கு இந்தப் பிரச்சினை இல்லையா?" என்று கேட்டவருக்கு: உண்டு. காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்தில் எழுதிய ஒரே பெயரைப் பல விதமாக வாசிக்கலாம். போன மாதம் 26ஆம் தேதி முதல் அவர்களுடைய குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பையும் சேர்த்துப் பதியச் சட்டம் வந்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் வீட்டுக்கும் கடிதம் வரப்போகிறதாம். எனக்கு உள்ளூர ஒரு சின்ன சந்தோஷம்.

ஜூன் 8

வாடகை வீடு. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று ஒசாகாவில் இருக்கும் வாசகி அக்கா கண்டித்திருக்கிறார்.

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பணம் ஒன்று அல்லது இரண்டு மாதம். அதுபோக, வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என்று ஒரு மாத வாடகை. இது திரும்பி வராது. தரகருக்கு ஒரு மாதம். வாடகை தவறினால் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாதமோ முழு மாதமோ. டோக்கியோவில் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதே வீட்டில் தொடர்ந்து இருப்பதற்காக இன்னொரு மாத வாடகை. இந்தக் கடைசிப் பணம் நியாயமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. அளவுக்கு மீறாத வரை செல்லும் என்று 2011இல் தீர்ப்பு வந்துவிட்டது. இதுவரை சொன்னதில் எல்லோருக்கும் ஒரே அடிதான், ஜப்பானியரும் வாங்குகிறார்கள்.

நமக்கென்று இருப்பது தரகர் கடையில் நடக்கும் தொலைபேசி உரையாடல். நாம் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே வீட்டுக்காரரை அழைத்து, "வாடிக்கையாளர் வெளிநாட்டவர், ஆனால் ஜப்பானிய மொழி பேசுகிறார், கணவர் நிரந்தர வேலையில் இருக்கிறார்" என்பார். அந்த 'ஆனால்' நம் காதில் விழும். சற்று நேரம் கழித்து, "ஆமாம், ஆமாம், புரிகிறது" என்று தலையாட்டிவிட்டு நம்மைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிப்பார். அடுத்த வீட்டுப் படத்தை எடுப்பார். சொந்த அனுபவத்தை வைத்து ஊதிப் பெருக்குகிறாள் என்று நினைப்பவர்களுக்கு: நீதி அமைச்சகமே 2016 இறுதியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. முந்தைய ஐந்தாண்டில் வீடு தேடிய வெளிநாட்டவர்களில் 39.3 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

நாங்கள் இருக்கும் டோக்கியோவின் நிஷி-கசாயில் ஏன் இத்தனை இந்தியர் என்று கேட்பவர்கள் ஆங்கிலப் பள்ளி, கோயில், மளிகைக்கடை என்று அடுக்குவார்கள். அதெல்லாம் பின்னால் வந்தவை. 2000ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு ஆட்கள் வந்தபோது, அலுவலகங்கள் இருந்த ஓதேமாச்சி, கயாபாச்சோ பக்கம் தோசாய் ரயில் பாதையில் நேராகப் போகலாம். கூடவே யூஆர் என்ற அரசு சார்ந்த வீட்டு நிறுவனத்தின் அடுக்ககங்கள் இந்தப் பக்கம் நிறைய. அங்கே நன்றிப் பணம் இல்லை, தரகு இல்லை, உத்தரவாதம் இல்லை, புதுப்பிப்புப் பணம் இல்லை. 'ஆனால்' சொல்ல ஆளும் இல்லை. வருமானச் சான்றைக் காட்டினால் சாவி. நாங்களும் கடைசியில் அப்படித்தான் வந்து சேர்ந்தோம். பதிலுக்கு தோசாய் பாதை நெரிசலைத் தாங்க வேண்டும். 2019இல் கிபா நிலையத்துக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையே காலையில் 199 சதவீத நெரிசல், நாட்டிலேயே உச்சம். இப்போது குறைந்திருக்கிறது என்கிறார்கள். என் தோள்பைக்கு அது இன்னும் தெரியவில்லை.

ஜூன் 9

குப்பை பற்றி ஏன் எழுதவில்லை என்று பலரும் கேட்கிறீர்கள். எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால்தான். புட்டி வேறு, மூடி வேறு, லேபிள் வேறு. காலை எட்டுக்குள் வைக்க வேண்டும். காக்கைக்குப் பயந்து வலை போட வேண்டும். வார்டு மாறினால் விதியும் மாறும். ஒரு மாதத்தில் கை பழகிவிடும். தொகுஷிமாவில் கமிகாட்சு என்ற சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள், அவர்களே புலம்புவதில்லை.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. மகள் தூங்குகிறாள். ஜன்னலுக்குக் கீழே வேன்.

22ஆம் தேதி டோக்கியோ மாநகரச் சபைத் தேர்தல். ஒலிபெருக்கி கட்டிய வேன், வெள்ளைக் கையுறை போட்ட கைகள், ஒரு பெண் குரல். வேட்பாளர் பெயர், மறுபடி பெயர், "தயவு செய்து ஆதரியுங்கள்", மறுபடி பெயர். கொள்கை என்று ஒரு வார்த்தை கிடையாது. இவர்களுக்கு ஏன் இத்தனை கூச்சம் என்று முன்பு நினைப்பேன். விஷயம் அது இல்லை. ஓடும் வண்டியிலிருந்து சொற்பொழிவு ஆற்றத் தேர்தல் சட்டம் தடை போட்டிருக்கிறது; பெயரைத் திரும்பத் திரும்பக் கூவ மட்டும் அனுமதி உண்டு, காலை 8 முதல் இரவு 8 வரை. கொள்கை பேச வேண்டுமானால் வண்டியை நிறுத்த வேண்டும். ஆக, சத்தம் போடலாம், அர்த்தத்தோடு போடக் கூடாது. நம்மூர் மைக் செட்டில் வளர்ந்தவளுக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை. எனக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்தும் என் ஜன்னலுக்குக் கீழேயே நிற்கிறார்களே, அதுதான்.

ஒரு தடவை மட்டும் வேன் சத்தத்துக்கு எங்கள் அடுக்ககமே ஜன்னலைத் திறந்தது. 2019 ஏப்ரலில் எங்கள் எதோகாவா வார்டு சபைக்கு, குடியுரிமை பெற்ற யோகேந்திர புராணிக் நின்று ஜெயித்தார். மராட்டிக்காரர். 'யோகி' என்றுதான் சுவரொட்டியில் போட்டிருந்தார். புத்திசாலி, கட்டத்துக்குள் அடங்கும் பெயர்.

ஜூன் 21

சைவம். ஃபுகுவோகாவில் இருக்கும் வாசகத் தம்பி "அலர்ஜி அட்டையைக் கேளுங்க அக்கா, எல்லா உணவகத்திலும் இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். தம்பி, அந்த அட்டையை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஒவ்வாமை தரும் பொருள்களில், 2025 நிலவரப்படி, கட்டாயம் குறிப்பிட வேண்டியவை முட்டை, பால், கோதுமை, இறால் என்று எட்டு, பரிந்துரைக்கப்பட்டவை இருபது. மொத்தம் 28. அந்த இருபதில் மாட்டிறைச்சி உண்டு, பன்றி உண்டு, கோழி உண்டு, ஜெலட்டின் உண்டு, ஆப்பிள்கூட உண்டு. கத்சுவோ மீன் கிடையாது. இங்கே சாறு, குழம்பு, கீரைக்கறி, முட்டைக்கோசு அடை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்த மீனைக் காயவைத்துச் சீவிய தூளின் சாறுதான். அட்டையில் எல்லாக் கட்டமும் காலியாக இருக்கும், கிண்ணத்தில் மீன் இருக்கும்.

"இறைச்சி வேண்டாம்" என்றால் ஹாம் போட்ட சாலட் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் சமையல்காரரே வெளியே வந்து, வருத்தத்தோடு, அப்படியானால் வெறும் சோறுதான் தர முடியும் என்பார். அவர் வருத்தம் உண்மை. அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

சோறு என்றதும் நினைவுக்கு வருகிறது. அரிசி விலையைக் கேட்டீர்களா? ஐந்து கிலோ பை மே மாதம் சராசரி 4,000 யென்னைத் தாண்டிவிட்டது, போன வருடம் அதில் பாதி. "நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்" என்று பேசிய விவசாய அமைச்சர் பதவி விலகினார். அலுவலகத்தில் எல்லோரும் அரிசி பற்றியே பேசுகிறார்கள், நான் மட்டும் கெட்டியான மௌனம். நாங்கள் பட்ட அரிசிப் பஞ்சம் வேறு. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, 2024 செப்டம்பர் வரை. நிஷி-கசாய் கடையில் பொன்னி பச்சரிசி காணாமல் போனது அப்போது. வந்தாலும், இறக்குமதி ஒதுக்கீட்டுக்கு வெளியே வரும் அரிசிக்குக் கிலோவுக்கு 341 யென் தீர்வை. அந்தத் தடை நாட்களில் எங்கள் வீட்டில் ஜப்பானிய அரிசியில் தயிர்ச்சாதம். நன்றாகவே இருந்தது. ரசம் சாதத்துக்குத்தான் அது ஆகாது.

ஜூன் 22

ஃபுகுவோகா தம்பியின் வேறொரு கேள்வி: வந்து இரண்டாவது வருடம், ஜூன் சம்பளம் திடீரென்று குறைந்திருக்கிறது, கம்பெனியில் ஏமாற்றுகிறார்களா?

இல்லை தம்பி. அது குடியிருப்பு வரி. முந்தைய வருட வருமானத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம், ஜூனிலிருந்து மாதாமாதம் பிடிப்பார்கள். முதல் வருடம் இங்கே முந்தைய வருமானம் இல்லாததால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முதல் வருடச் சம்பளத்தை நம்பி ஊரில் மனை வாங்க முன்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: ஜனவரி 1 அன்று இங்கே குடியிருந்தால், அந்த ஆண்டின் நடுவில் ஊருக்குப் போனாலும் முழு வரியும் உண்டு. போகிறதானால் டிசம்பரில் போய்விடுங்கள்.

ஜூன் 29

மிக்ஸி. இங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். ஊரிலிருந்து தூக்கிவந்த 230 வோல்ட் மிக்ஸியைச் செருகினால் தேங்காய்த் துருவலைத் தடவிக் கொடுக்கும், அரைக்காது. அதற்கு மின்மாற்றி வேண்டும், அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டு மின் ஒப்பந்தம் 30 ஆம்பியர். ஏசி, மைக்ரோவேவ், மிக்ஸி மூன்றும் சேர்ந்தால் வீடு இருண்டுவிடும். சட்னி அரைக்கும்போது கணவர் எழுந்துபோய் ஏசியை நிறுத்துவார், அது எங்கள் வீட்டுச் சடங்கு.

ஒசாகா அக்கா தன் ஈரக்கிரைண்டர் அங்கே வேகமாகச் சுற்றுவதாகவும் மாவு சூடாவதாகவும் எழுதியிருந்தார். சிலர் அதைக் கிண்டல் செய்திருந்தீர்கள். அவர் சொல்வது சரி. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கே ஜெர்மானிய இயந்திரமும் மேற்கே அமெரிக்க இயந்திரமும் வாங்கிவைத்தார்கள், இன்றுவரை ஒன்றாகவில்லை. கிரைண்டரில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஐந்தில் ஒரு பங்கு கூடத்தான் செய்யும். மிக்ஸி மோட்டார் வேறு வகை, அதற்கு இந்தக் கவலை இல்லை. அக்கா, ஐஸ் தண்ணீர் ஊற்றி அரையுங்கள்.

ஜூலை 6

நேற்று நிலைய வாசலில் கணவரை மடக்கி அட்டை கேட்டிருக்கிறார்கள். வழக்கம்போல. பதினாறு வயதைத் தாண்டிய வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். பால் வாங்க இறங்கினாலும் வேண்டும். போலீஸ்காரர் இருவரும் இளம் பையன்கள், நன்றி சொல்லி அனுப்பினார்களாம். என்னை இதுவரை நிறுத்தியதில்லை. தாடி வைத்த ஆண்களைத்தான் நிறுத்துகிறார்கள். நிறத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று மூன்று பேர் 2024 ஜனவரியில் டோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். கணவர் தாடியை எடுக்கப்போவதில்லை என்கிறார். எனக்கு அந்தத் தாடி பிடிக்காது, ஆனாலும் இந்தக் காரணத்துக்காக எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஜூலை 6, கொஞ்சம் கழித்து

"எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்களே, ஒன்றுகூட நல்லது இல்லையா?" கழிவறை. தானே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடும் வாஷ்லெட் 1980இல் விற்பனைக்கு வந்தது. வெளிநாடு போன தமிழர் எல்லோரும் கையில் தண்ணீர்க் குவளையோடு தவிக்கும்போது, நாங்கள் மட்டும் தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டும் என்று பொத்தான் அழுத்துகிறோம். இந்த ஒன்றுக்காக இந்த நாட்டின் பாதிக் குற்றங்களை மன்னிக்கலாம்.

ஜூலை 23

வாங்கிய வம்பு போதும் என்று இருந்தேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை முடிவுக்கு அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதுவரை நான் எழுதியதில் ஒரு தொனி இருந்தது: யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, கட்டம்தான் சிறியது. வங்கிக்காரர் நல்லவர், சமையல்காரர் நல்லவர், போலீஸ் பையன்கள் நல்லவர்கள். இப்போதும் பெரும்பாலும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் 20ஆம் தேதி நாடாளுமன்ற மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியரே முதலில்' என்று முழங்கிய சன்செய்தோ கட்சி 14 இடம் பிடித்திருக்கிறது. போன வாரம் அஞ்சல் பெட்டியில் அந்த வகைத் துண்டறிக்கை கிடந்தது. அலுவலகத்தில் பேச்சு எழவே இல்லை. மதிய உணவின்போது ஒருவர் மட்டும் அருகில் வந்து, "முருகேசன்-சான், உங்களைச் சொல்லவில்லை அவர்கள்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அப்படியானால் யாரைச் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் பதில் இருந்திருக்காது.

இங்கே 2024 முடிவில் வெளிநாட்டவர் 37 லட்சத்துக்கு மேல், மக்கள்தொகையில் சுமார் மூன்று சதவீதம். இந்தியர் 50,000க்குச் சற்றுக் கூடுதல். எங்கள் அடுக்ககத்தை வைத்துப் பார்த்தால் அவ்வளவு பேரும் இங்கேயே இருப்பதுபோலத் தோன்றும், அது வேறு.

"அப்படியானால் திரும்பி வந்துவிடுங்கள்" என்று எழுதிய மதுரை அண்ணாச்சிக்கு: நீங்கள் சொன்னதும் அந்தத் துண்டறிக்கையில் இருந்ததும் ஒரே வாக்கியம்தான்.

ஆகஸ்ட் 7

நேற்று முன்தினம் இசேசாகி என்ற ஊரில் 41.8 டிகிரி, இந்நாட்டு வரலாற்றிலேயே உச்சம். "மெட்ராஸ்காரிக்கு என்ன வெயில்?" என்று கேட்காதீர்கள். ஊரில் மின்விசிறியும் மொட்டைமாடியும் இருந்தன. இங்கே அலமாரிக்குள் தோல்பையில் பச்சைப் பூஞ்சை. ஜனவரியில் இதே வீட்டில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், மாவு புளிக்காது; அடியில் சூடேற்றி உள்ள, போர்வை போர்த்திய கோதாத்சு மேசைக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்தால்தான் மறுநாள் இட்லி. புது வீடுகளுக்கு வெப்பக்காப்பு கட்டாயம் என்று இந்த ஏப்ரலில்தான் சட்டம் அமலுக்கு வந்தது. பழைய வீட்டுக்காரர்கள் கோதாத்சுவை நம்பியே இருக்கலாம்.

அக்டோபர் 12

தம்பி ஓட்டுநர் உரிமம் மாற்ற நினைத்தால் தாமதம்தான். இந்திய உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டிக்காட்டும் தேர்வும் எப்போதுமே உண்டு. இம்மாதம் 1ஆம் தேதி முதல் எழுத்துத் தேர்வில் 10 கேள்விக்குப் பதிலாக 50 கேள்வி. ஓட்டும் தேர்வில் 'எஸ்' வளைவு, அப்புறம் செங்கோணத் திருப்பம். நன்றாக ஓட்டினால் மட்டும் போதாது. கண்ணாடியைப் பார்ப்பதை அவர் பார்க்கும்படி தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். என் கணவர் கோயம்பேட்டில் ஓட்டியவர். பதவிசாகப் பலமுறை தோற்றார்.

நவம்பர் 16

பெரிய வீடாக, அதே யூஆரில், மூன்று கட்டடம் தள்ளிப் போகிறோம். அதே தெரு என்றாலும் பதினான்கு நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும், மூன்று அட்டைகளின் பின்பக்கமும் முகவரி எழுதி வாங்க வேண்டும். பழைய சோபாவுக்கு முன்பதிவு செய்து, கடையில் 200 யென், 300 யென் ஒட்டுச்சீட்டு வாங்கி ஒட்டியாயிற்று. சீட்டில் பெயர் எழுத ஒரு சின்ன இடம். அப்பா பெயர் அதில் அடங்கவில்லை, முன்பதிவு எண்ணை மட்டும் எழுதினேன். அதுவே போதுமாம்.

ஒரு 110 வோல்ட் மிக்ஸி கிடைத்துவிட்டது. அதனால் மின்மாற்றி இனாம். நிஷி-கசாய் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், தூக்க ஆளோடு வாருங்கள்.

நவம்பர் 18

மின்மாற்றி போய்விட்டது. இனிமேல் கேட்க வேண்டாம். மிக்ஸி ஜார் ஒன்று இருக்கிறது, மூடி இல்லை.